பெரிய டிஸ்க் எதற்கு?

ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி வைத்திருப்பவருக்கு முன் பிரேக்கை மாற்றும் எண்ணம் பெரும்பாலும் ஒரு மலைப்பயணத்துக்குப் பிறகுதான் வருகிறது. குடும்பத்தோடு கொல்லிமலை போய், 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடிக்கும் நேரத்தில் பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறது. முன்சக்கரத்திலிருந்து கருகல் வாடை வருகிறது. ஊர் திரும்பி உதிரிபாகக் கடையில் விசாரித்தால் பெரிய டிஸ்க், நான்கு பிஸ்டன் காலிப்பர், சிவப்பு பெயின்ட் என்று ஒரு தொகுப்பை எடுத்து வைத்து, “இதைப் போட்டா வண்டி நச்சுன்னு நிக்கும்” என்பார்கள். அந்த வாக்கியம் முழுப்பொய் இல்லை. ஆனால் மலையிறக்கத்தில் வந்த கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. பிரேக் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், குடும்ப வண்டிக்கு வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய, செலவு குறைந்த மேம்பாடு ஒன்று தெரியவரும். பார்வைக்கு மட்டும் அது எடுபடாது.

ஓடுகிற வண்டியின் இயக்க ஆற்றலைச் சூடாக்கிக் காற்றில் விடும் கருவிதான் பிரேக். ஆட்களும் பெட்டிகளும் சேர்ந்து இரண்டரை டன் எடையோடு 100 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியிடம் ஏறக்குறைய 960 கிலோஜூல் ஆற்றல் இருக்கும். பெடலை மிதித்தால் பூஸ்டர் காலின் பலத்தைப் பெருக்குகிறது. மாஸ்டர் சிலிண்டர் அதைத் திரவ அழுத்தமாக்குகிறது. காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன், சுழலும் டிஸ்கின் இருபுறமும் பேட்களை வைத்து நெரிக்கிறது. வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை மட்டும் அங்கே பிறப்பதில்லை. டயர் ரப்பர் தார்ச்சாலையைத் தொடும், ஏறத்தாழ உள்ளங்கை அளவேயான நான்கு இடங்களில்தான் அது பிறக்கிறது. காய்ந்த சாலையில் நல்ல டயர் கொடுக்கும் பிடிப்பை வைத்துக் கணக்கிட்டால் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 44 மீட்டர் வேண்டும். மழையில் பிடிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் அது 65 மீட்டருக்கு மேல் போய்விடும். இந்தக் கணக்கில் டிஸ்கின் விட்டம் எங்குமே வருவதில்லை.

டயரின் எல்லையைத் தொடும் அளவுக்குப் பிரேக்குக்கு வலு இருக்கிறதா என்பதை வண்டியே சொல்லிவிடும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். ஆளில்லாத நேர்ச்சாலையில், பின்னால் யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, 50 கி.மீ. வேகத்தில் பெடலை ஓங்கி மிதித்தால் காலடியில் கடகடவென்று உதறல் வரும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் பார்க்கிறது, ஏபிஎஸ் தடுக்கிறது என்று பொருள். அதாவது டயர் தாங்குவதைவிட அதிக வலு பிரேக்கிடம் ஏற்கெனவே இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள எந்தக் குடும்ப எஸ்யூவியும் இந்தச் சோதனையில் தேறும். அதற்கு மேலும் பெரிய டிஸ்க் போட்டால், உதறல் கொஞ்சம் மெல்லிய மிதிக்கே வரும். நிற்கும் தூரம் அப்படியேதான் இருக்கும்.

அப்படியானால் பெரிய டிஸ்க் எதற்குத்தான் உதவும்? சூட்டுக்கு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் சூட்டில் பத்தில் ஏழு பங்கு முன் டிஸ்குகளுக்கே போகிறது. ஒவ்வொன்றும் ஒன்பது கிலோ என்று வைத்துக்கொண்டால், 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிற்பதில் அவை சுமார் 75 டிகிரி சூடேறும். பதினொரு கிலோ டிஸ்காக இருந்தால் 61 டிகிரி. வார்ப்பிரும்புக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. மலையிறக்கத்தின் கதை வேறு. அதே வண்டி ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது விடும் ஆற்றல், 100 கி.மீ. வேகத்திலிருந்து இருபத்தைந்து முறை அடுத்தடுத்து நிற்பதற்குச் சமம். எண்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைக்க அது போதும். அரை மணி நேர இறக்கம் என்றால், பதின்மூன்று இஸ்திரிப் பெட்டிகள் ஓயாமல் எரிவதுபோல. இதில் டயர் உருளும் தடையும் காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் பெரும்பகுதியை என்ஜின் வாங்கிக்கொள்ளுமா, டிஸ்க் வாங்கிக்கொள்ளுமா என்பது கியரைப் பொறுத்தது. ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொன்னதில் உள்ள இயற்பியல் இவ்வளவுதான்.

டிஸ்க் பிரேக்கின் வரலாறும் சூட்டின் வரலாறுதான். இங்கிலாந்தில் ஃப்ரெட்ரிக் லான்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அது பேர் வாங்கியது 1953-இல், டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றபோது. டிரம் பிரேக்காலும் சக்கரத்தை இறுகப் பிடிக்க முடியும். ஆனால் சூடு அதற்குள்ளேயே அடைந்துகொள்ளும். திறந்த காற்றில் சுழலும் டிஸ்க், சுற்றுக்குச் சுற்று ஆறிக்கொண்டு, விடியும்வரை ஒரே மாதிரிப் பிடித்தது.

ஆகவே மலையில் பெடல் என்ன செய்தது என்று நினைவுபடுத்திப் பார்ப்பது முக்கியம். பெடல் கல்போல் இறுகி நின்று, எவ்வளவு மிதித்தும் வண்டி வழுக்கிக்கொண்டு போனதா? பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் பஞ்சாகித் தரையை நோக்கிப் போனதா? கோளாறு திரவத்தில். பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் இல்லை. கிளைக்கால் வகைத் திரவம். (என்ஜின் ஆயில் சிறிது கலந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும்.) இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 தரத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரிவரை கொதிக்காது. 3.7 சதவீதம் ஈரம் ஏறிய பிறகு அதன் வரம்பு 140 டிகிரி மட்டுமே. டாட் 4-க்கு இந்த எண்கள் 230, 155, டாட் 5.1-க்கு 260, 180. கொதித்த இடத்தில் ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். கால் கொடுத்த அழுத்தமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரவத்தை முழுதாக மாற்றச் சொல்வது இதனால்தான். நான்கைந்து வருடம் மாற்றாத திரவத்தோடு, லட்ச ரூபாய் காலிப்பர் போட்டாலும் வளைவில் அது கொதிக்கத்தான் செய்யும்.

அடுத்தது பேட். அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் வரிசையில் இரண்டு ஆங்கில எழுத்துகள் உராய்வைக் குறிப்பவை: முதல் எழுத்து சாதாரண சூட்டில், இரண்டாவது கடும் சூட்டில். இ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45 வரை; ஜி 0.45 முதல் 0.55 வரை. மலைக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது இரண்டாம் எழுத்தை. எஃப்இ என்றிருக்கும் பேட் ஊருக்குள் நன்றாகப் பிடித்து, சூடேறியதும் கைவிடும். எஃப்எஃப் மாறாமல் பிடிக்கும். பந்தய பேட் வாங்குகிறவர்களும் உண்டு. அது சூடேறினால்தான் பிடிக்கும் வகை; காலையில் பள்ளிக்கூட வாசலில் முதல் மிதிக்கு ஏமாற்றிவிடலாம். துளையிட்ட டிஸ்கும் இப்படித்தான். அந்தக் காலத்துப் பேட்கள் சூட்டில் கக்கிய வாயு வெளியேறுவதற்காக வந்த துளைகள் அவை. இன்றைய பேட்களுக்கு அந்தத் தேவை ஏறக்குறைய இல்லை. துளையின் விளிம்பில்தான் டிஸ்கில் விரிசல் தொடங்கும் என்பதால், கனமான வண்டிக்குத் துளையில்லாத, நடுவில் காற்றுப் பாதை உள்ள சாதாரண டிஸ்கே மேல்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: பெரிய பிரேக் போட்டவர்கள் எல்லோரும் வித்தியாசம் தெரிகிறது என்கிறார்களே? தெரியும்தான். டிஸ்கின் ஆரம் கூடினால் அதே மிதிக்குத் திருப்புவிசை கூடுகிறது. கால் அதைப் பலம் என்று உணர்கிறது. இதில் ஓர் உண்மை லாபமும் உண்டு. ஆபத்து நேரத்தில் பலரும் பெடலை முழு பலத்தோடு மிதிப்பதில்லை, தயங்கித்தான் மிதிக்கிறார்கள். மெல்லிய மிதிக்கே கூடுதலாகப் பிடிக்கும் பிரேக், அவர்கள் வண்டியை உண்மையிலேயே சில மீட்டர் முன்னதாக நிறுத்தலாம். ஆனால் உராய்வு கூடிய பேட் ஒன்றே அந்த லாபத்தைத் தந்துவிடும். பிரேக் அசிஸ்ட் உள்ள வண்டிகளில் அந்த வேலையைப் பூஸ்டரே செய்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. பெரிய பிரேக் வீண் என்றால், தயாரிப்பாளர்களே கனமான மாடல்களுக்குப் பெரிய டிஸ்க் கொடுப்பானேன்? எடை கூடினால் சூடு கூடுகிறது என்பதால்தான். அவர்கள் டிஸ்கை மட்டும் மாற்றி நிறுத்துவதில்லை, மாஸ்டர் சிலிண்டர், பின் பிரேக், ஏபிஎஸ் நிரல் எல்லாவற்றையும் சேர்த்தே பொருத்துகிறார்கள். நாம் காலிப்பரை மட்டும் மாற்றி, 57 மி.மீ. பிஸ்டன் இருந்த இடத்தில் 60 மி.மீ. வைத்தால் பரப்பு 11 சதவீதம் கூடும். அதை நகர்த்த அவ்வளவு கூடுதல் திரவம் வேண்டும், பெடல் இன்னும் கீழே போகும். முன்சக்கரம் சீக்கிரமே எல்லையைத் தொடுவதால், பின்சக்கரம் தன் பங்கைச் செய்யும் முன்பே முன்னால் ஏபிஎஸ் உதறும். நிற்கும் தூரம் கூடினாலும் ஆச்சரியமில்லை. அமெரிக்காவில் 1996–2002 கால டொயோட்டா 4ரன்னர் வைத்திருப்பவர்கள், அதே நிறுவனத்தின் டன்ட்ரா பிக்கப்பிலிருந்து முன் காலிப்பரையும் தடித்த டிஸ்கையும் எடுத்து வீட்டுக் கொட்டகையிலேயே மாட்டிக்கொள்வது பல ஆண்டு வழக்கம். பெரிய டயரும் இரும்பு பம்பரும் போட்டுக் கனத்துப்போன வண்டிக்கு அது நியாயம். அங்கேகூட, பெரிய வகைக் காலிப்பருக்கு 15 அங்குல வீல் இடம் தராது, 16 தேவை. டிஸ்குக்குப் பின்னால் உள்ள தகட்டையும் மடக்க வேண்டும். நம் ஊரிலோ, தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. காப்பீட்டு நிறுவனம் விபத்துக்குப் பிறகு முதலில் கேட்கும் கேள்வியாகவும் அது ஆகிவிடலாம்.

ஆக, வீட்டில் செய்யத் தகுந்த மேம்பாடு: அதே அளவில் நல்ல தயாரிப்பு டிஸ்க், எஃப்எஃப் அல்லது ஜிஜி பேட், வண்டியின் கையேடு அனுமதித்தால் டாட் 3-க்குப் பதில் டாட் 4. (சிலிக்கான் வகையான டாட் 5 வேறு சரக்கு, எண் பெரிதென்று அதை ஊற்றிவிடக் கூடாது.) பிரேக்கை வீட்டில் கழற்றுவதா என்று பயப்படுகிறவர்களின் பயம் நியாயமானதுதான். ஆனால் பேட், டிஸ்க் மாற்றும் வேலையில் சூட்சுமம் குறைவு, சிரத்தைதான் அதிகம் வேண்டும். அவசரத்தில் இருக்கும் பட்டறையில் விட்டுப்போகும் சிறிய வேலைகளையெல்லாம், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கையில் வைத்திருப்பவர் விடாமல் செய்யலாம். ஏபிஎஸ் பெட்டியையும் திரவக் குழாய்களையும் மட்டும் தொடாமல் இருந்தால் போதும்.

சமதரையில் பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வீல் நட்டுகளைத் தரையிலேயே தளர்த்திய பிறகு ஜாக்கி ஏற்ற வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்ட். கழற்றிய காலிப்பரை ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். பழைய பேட் ஒன்றை வைத்துப் பிஸ்டனை மெதுவாக உள்ளே அழுத்தும்போது மேலே திரவக் குப்பி நிரம்பி வழியும். வழிந்தால் பெயின்ட்டை அரித்துவிடும். பலரும் தாண்டிப்போகும் இடம் அடுத்தது: டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் உள்ள துரு. ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தூக்கல் இருந்தால்கூட, டிஸ்க் கோணலாகச் சுழன்று சில ஆயிரம் கிலோமீட்டரில் சீரற்றுத் தேய்ந்து, பெடலில் நடுக்கம் கொடுக்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லி மாற்றப்படுபவற்றில் பலவும் இப்படிச் சீரற்றுத் தேய்ந்தவையோ பேட் படிவு ஒட்டியவையோதான். கம்பிப் பிரஷால் ஹப்பைப் பளிச்சென்று தேய்த்துவிட்டு, புதிய டிஸ்கின் மேல் பூசிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். காலிப்பர் நழுவும் பின்களுக்கு ரப்பருக்கு ஒத்துவரும் சிலிக்கான் கிரீஸ். போல்ட்டுகளுக்கு டார்க் ஸ்பேனரும் கையேட்டில் உள்ள எண்ணும். கைக்கணக்கு வேண்டாம். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத்துணியால் எடுக்க வேண்டும்.

பிறகு வண்டியை நகர்த்தும் முன், பெடல் இறுகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். பிஸ்டன் பின்னால் போயிருப்பதால் முதல் சில மிதிகள் காற்றை மிதிப்பதுபோல் இருக்கும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் வீட்டுச் சுவர்தான் பிரேக். திரவம் மாற்றுவதற்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் வேண்டும். பட்டறையில் ஏர் எடுப்பது என்று சொல்வதும் இதே முறைதான். பழைய வண்டி என்றால் உள்ளே இருப்பவர் பெடலைத் தரைவரை மிதிக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரில் இதுவரை சீல் உரசாத பகுதியில் படிந்திருக்கும் கசடு அதைக் கிழித்துவிடும்.

புதிய பேட்டும் டிஸ்கும் பழக ஒரு சடங்கு உண்டு. போக்குவரத்தில்லாத சாலையில் 60 கி.மீ.யிலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், பத்து முறை மிதமாகப் பிடித்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட வேண்டும். பேட்டின் பொருள் மெல்லிய சாம்பல் நிறப் படலமாக டிஸ்கில் சமமாகப் படியும். பழகிய பின்பும், மலையடிவாரத்தில் டீக்கடையைக் கண்டதும் வண்டியை நிறுத்திப் பெடலை அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தால், கொதிக்கும் பேட் அந்த ஓரிடத்தில் தன் அச்சைப் பதித்துவிடும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி அடுத்த கடையில் நிறுத்தி, கியரிலும் கைப்பிரேக்கிலும் விட்டுவிட்டு இறங்கலாம்.