ஸுஜூதில் மூச்சு முட்டினால்...



“மௌலவி! ஸுஜூதுக்குக் குனிந்தால் உம்மாவுக்கு மூச்சு முட்டுகிறதாம். உட்கார்ந்து தொழலாமா?” என்று பெண்கள் கேட்டனுப்புவதுண்டு. தாராளமாகத் தொழலாம். நிற்க இயலாதவர் இருந்தும், அதற்கும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதி தந்திருக்கிறார்கள். ஆனால் சட்டத்தைக் கேட்டதோடு கடமை முடிந்துவிட்டதா? ஏன் மூச்சு முட்டுகிறது என்று டொக்டரிடம் கேட்டீர்களா?

குனியும்போது மூச்சு முட்டுவது இருதயத் தளர்ச்சியின் அறிகுறியாகவும் இருக்கலாம். ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்றதும் இருதயம் நின்றுவிட்டது என்று பலர் நடுங்குகிறார்கள். அப்படியல்ல. இருதயம் துடிக்கிறது, ஆனால் உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தைத் தள்ளும் வலு அதற்கில்லை. அதனால் நுரையீரலிலும் கால்களிலும் நீர் தேங்குகிறது. பெரும்பாலும் இது ஒரே இரவில் முற்றுவதில்லை. நாட்கணக்கில், வாரக்கணக்கில் முன்னறிவிப்புத் தருகிறது.

அந்த முன்னறிவிப்பின் அருமை தீவில் வாழ்பவருக்கே அதிகம். பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் வரை பஸ் போகும். அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் ‘சுவசெரிய’ அம்பியூலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வடக்கிலும் தொடங்கியது. ஆனால் கடல் கொந்தளிக்கும் மாரி இரவில் தரையில் ஓடும் வண்டி என்ன செய்யும்? நோயாளியைப் பகலில், படகு ஓடும்போதே அழைத்துச் செல்ல வேண்டும்.

எதைக் கவனிப்பது?

மாலையில் கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? ஒரு தலையணை போதுமாயிருந்தவர் இரண்டு, மூன்று கேட்கிறாரா? நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருகிறாரா? இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ நிறை கூடிவிட்டதா? தாமதிக்காதீர்கள். “வயது போனால் இப்படித்தான்” என்று தைலம் தடவிக்கொண்டிருக்க வேண்டாம்.

பிள்ளை பெற்ற சகோதரிகளும் கவனியுங்கள். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவித்து ஐந்து மாதம் வரை, அரிதாகச் சில தாய்மாருக்கு இருதயத் தசை தளர்ந்துவிடுவதுண்டு. அப்போது மூச்சுத் திணறினால் அதைப் பிரசவக் களைப்பு என்று தள்ளிவிடக் கூடாது.

வராமல் தடுக்க...

உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, மாரடைப்பு, புகைத்தல் ஆகியவை இருதயத்தைத் தளர்த்தும் முக்கிய காரணங்கள். பிரஷரையும் சீனியையும் அரச வைத்தியசாலையில் இலவசமாகப் பார்க்கலாம். பிள்ளைக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து, சில வாரங்களில் மூட்டுகள் வீங்கினால் அது வாதக் காய்ச்சலாக இருக்கலாம். கவனிக்காவிட்டால் இருதய வால்வுகள் பழுதடையும்.

அடுத்தது, நம் கையிலுள்ள உப்பு. கிணற்று நீரே உவர்க்கும் தீவுகள் இவை. அதன்மேல் கருவாடு, ஊறுகாய், மாசிச் சம்பல், அப்பளம்! ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாகவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே, உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டை ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுவதும் போகாது.

மருந்தும் நோன்பும்

படகில் சிறுநீர் உபாதை வருமென்று அன்றைய நீர்க்குளிசையை விட்டுவிடுவோர் உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள், நேரத்தை மாற்றலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். மாரி தொடங்குமுன் குளிசைகள் கைவசம் உள்ளனவா என்றும் பாருங்கள். மூட்டுநோவுக்குக் கடையில் வாங்கும் இபுபுரூபன், டைக்குளோபெனக் போன்றவை உடலில் நீரைத் தேக்கி இந்நோயைக் கூட்டும்.

றமழானிலும் அப்படியே. நோயாளி வேறு நாட்களில் நோன்பு நோற்க அல்லாஹ் சலுகை தந்திருப்பதை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் காணலாம். குணமாகும் நம்பிக்கையற்ற நோயாளிக்கு ஃபித்யா இருக்கிறது. அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவல்ல. மருந்தை விட்டு நோன்பு பிடித்து, வீட்டாரை நள்ளிரவில் கடற்கரைக்கு ஓடவைப்பது பக்தியுமல்ல.

சகோதரிகளே! இன்று மஃரிப் தொழுததும் உங்கள் உம்மாவின் கணுக்காலைத் தொட்டுப் பாருங்கள். நேற்றிரவு எத்தனை தலையணை வைத்தார் என்று கேளுங்கள். வல்ல நாயன் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.