காரமில்லாத மிளகு

பிரான்சில் லியோன் நகரத்துக்குத் தெற்கே, ரோன் நதியின் வலக்கரையில் ஆம்ப்வி என்று ஒரு சின்ன ஊர். ஊரை ஒட்டியே மலைச்சரிவு ஏறுகிறது. சில இடங்களில் சாய்வு மிகவும் செங்குத்து. அங்கே டிராக்டர் ஏறாது. கல்லடுக்கிக் கட்டிய குறுகிய படித்தளங்களில் காலை ஊன்றிக்கொண்டு, குலை அறுப்பதுவரை கையால்தான் செய்தாக வேண்டும். இந்தச் சரிவில் விளையும் சிரா என்ற கருந்திராட்சையிலிருந்து வருவதுதான் கோத்-ரோத்தி சிவப்பு ஒயின். அதைச் சுவைத்துப் பார்ப்பவர்களின் குறிப்பேட்டில் அடிக்கடி தட்டுப்படும் சொல், மிளகு.

அதில் யாரும் மிளகு போடுவதில்லை. ஒயின் ரசிகர்களின் வர்ணனையில் பந்தா கொஞ்சம் தூக்கல்தான். ஈரக் கல், பழைய தோல் பெட்டி என்றெல்லாம் எழுதுவார்கள். ஆனால் மிளகு விஷயத்தில் அவர்களைக் கிண்டல் செய்ய வழியில்லை. மிளகில் மணக்கும் அதே பொருள் அந்தக் கோப்பையிலும் இருக்கிறது.

அதைப் பிடித்தவர்கள் ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனத்தார். 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். கலவையிலுள்ள ஆவிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையாக வெளியே விடும் கருவி ஒன்று உண்டு. அதன் வாயில் ஒருவர் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, எந்த நொடியில் மிளகு மணக்கிறது என்று குறித்துக்கொள்வார். அப்படித் தேடிக் கிடைத்த மூலக்கூறு ரோட்டண்டோன். பிறகு மிளகைச் சோதித்தால் அதிலும் அதே பொருள், ஒயினில் இருப்பதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். எத்தனையோ நூற்றாண்டாக உலகம் கப்பல் கப்பலாக வாங்கிய சரக்கு மிளகு. அதன் மணத்துக்கு முக்கியக் காரணம் எது என்பது ஒயினைத் துருவிய பிறகுதான் தெரியவந்தது! ரோட்டண்டோனுக்கு அந்தப் பெயர் வந்தது, அது முதலில் கிடைத்த கோரைக்கிழங்கின் தாவரவியல் பெயரான சைபெரஸ் ரோட்டண்டஸிலிருந்து. நம் வயலில் களையாக முளைப்பதும், குளியல் பொடிக்கு அரைபடுவதும் அந்தக் கிழங்குதான்.

எவ்வளவு இருந்தால் மூக்குக்குத் தெரியும்? சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் போதும். ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால், தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஐயாயிரத்தை வரிசையாக நிறுத்தி, அத்தனையிலும் ஒயினை நிரப்பினாலும், ஒரே ஒரு கிராம் ரோட்டண்டோன் எல்லா லாரிக்கும் மிளகு மணம் கொடுத்துவிடும்.

எல்லாருக்குமா? அங்கேதான் வேடிக்கை. சோதனையில் கலந்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, அளவை லிட்டருக்கு 4,000 நானோகிராமாக உயர்த்தியும், ஒயினுக்குப் பதில் வெறும் தண்ணீரில் கலந்து கொடுத்தும், ஒன்றுமே தெரியவில்லை. ஒரே பாட்டிலைப் பகிர்ந்துகொள்ளும் இருவரில் ஒருவர் "மிளகு தூக்குது" என்பார், மற்றவர் "எங்கேய்யா மிளகு?" என்பார். இரண்டுமே உண்மை.

கோப்பையில் மிளகு மணக்கும், நாக்கு எரியாது. காரணம், மிளகின் காரத்துக்குப் பொறுப்பு பைப்பரின் என்ற வேறொரு பொருள். அது திராட்சையில் கிடையாது. ரோட்டண்டோன் திராட்சைத் தோலில் உருவாகிறது. வெயிலை நிறைய வாங்கிய குலையில் குறைவு, நிழலில் தொங்கிய குலையிலும் குளிர்ந்த ஆண்டிலும் அதிகம். சிரா நன்றாகப் பழுக்கக்கூடிய குளிர் எல்லையை ஒட்டி இருப்பது கோத்-ரோத்தி அடங்கிய வடக்கு ரோன் பகுதி. இந்த மணம் அங்கே தூக்கலாக இருப்பதில் வியப்பில்லை.

நிறத்திலும் ஒரு தந்திரம் இருக்கிறது. கோத்-ரோத்தியில் வியோன்யே என்ற வெள்ளைத் திராட்சையை 20 சதவீதம் வரை சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. சிராவோடு ஒரே தொட்டியில் போட்டு நொதிக்க வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பலர் மிகக் கொஞ்சமே சேர்க்கிறார்கள். வெள்ளையைக் கலந்தால் சிவப்பு வெளிறத்தானே வேண்டும்? அளவோடு சேர்த்தால் நிறம் ஆழமாவதும் உண்டு. வியோன்யே தோலிலுள்ள நிறமற்ற பொருள்கள் சிராவின் நிறமிகளோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் நிறத்தைக் கூட்டுகின்றன. அந்த நிறத்துக்கு மூக்கையே ஏமாற்றும் வல்லமை உண்டு. 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படித்த 54 மாணவர்களிடம், மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அதன் மணத்தை அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள்.

மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தால் மிளகும் போய்விடும், பழமும் போய்விடும். புளிப்பும் கசப்பும் துவர்ப்பும் ஆல்கஹாலின் சூடுமே மிஞ்சும். வாசனை தொண்டையின் பின்வழியாக ஏறி மூக்கைத் தொட்டால்தான் "சுவை" முழுமையாகும். சுவைஞர்கள் ஒயினை வாயில் வைத்துக்கொண்டே சர்ரென்று காற்றை உறிஞ்சுவது அதற்காகத்தான். பிறகு, பார்ப்பவர் மனம் பதற, அத்தனை விலை கொடுத்து வாங்கியதைத் துப்பிவிடுவார்கள்.

துவர்ப்பின் கதை தனி. திராட்சைத் தோலிலும் விதையிலும் டானின் என்ற துவர்ப்பிகள் உள்ளன. உமிழ்நீரில் வாயை வழவழப்பாக வைத்திருக்கும் புரதங்களை அவை பிடித்துத் திரட்டிவிடும். வழவழப்பு போனதும் நாக்கு கன்னத்தில் உரசுகிறது. நம் அறுசுவையில் துவர்ப்புக்கும் இடம் உண்டு. ஆய்வாளர்களோ அதைப் பெரும்பாலும் தொடுவுணர்வுக் கணக்கில் எழுதுகிறார்கள்.

உணவைச் சேர்க்கும் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. சுட்ட ஆட்டுக்கறியை ஒரு வாய் மென்றபின் குடித்தால், டானின் பிடித்துக்கொள்ளக் கறியின் புரதமும் கொழுப்பும் இருக்கும். உமிழ்நீர் தப்பிக்கும், ஒயின் மென்மையாகத் தெரியும். மீனுக்குச் சிவப்பு ஒயின் ஆகாது என்பதையும் பந்தா என்று தள்ள முடியாது. 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டது: ஒயினில் கரைந்துள்ள இரும்பு கூடினால், கடலுணவு சாப்பிட்ட வாயில் கவிச்சி கிளம்பும்.

பச்சை மிளகாயோடு இந்த ஒயினைச் சேர்ப்பது வீண். வாயில் சூட்டை உணரும் ஏற்பி, அதாவது மூளைக்குச் செய்தி அனுப்பும் புரதம், சுமார் 42 டிகிரியில்தான் விழிக்கும். மிளகாயும் பைப்பரினும் சூடே இல்லாமல் அதை எழுப்பிவிடுகின்றன. ஆல்கஹாலோ விழிக்கும் வரம்பையே ஏறக்குறைய 34 டிகிரிக்கு இறக்கிவிடும். நம் உடம்புச் சூடு 37. எரிச்சல் இரட்டிப்பாகாமல் என்ன செய்யும்?

அப்படியானால் மிளகு போட்ட உணவும் ஆகாது என்றுதான் தோன்றும். பிரெஞ்சு உணவகங்களில் கிடைக்கும் மிளகு ஸ்டேக் அதற்கு வழி வைத்திருக்கிறது. மாட்டிறைச்சித் துண்டின் மேல் ஒன்றிரண்டாக நொறுக்கிய மிளகை அழுத்தி, வெண்ணெயில் பொரித்து, பாலேட்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். பைப்பரின் கொழுப்பில் கரையும், ஆகவே காரம் தணியும். டானினுக்கும் பற்றிக்கொள்ளக் கொழுப்பு கிடைக்கும். ரோட்டண்டோன் மட்டும் தட்டிலிருந்தும் கோப்பையிலிருந்தும் சேர்ந்தே மூக்குக்கு ஏறும்.