கீழாநெல்லியும் மஞ்சள் காமாலையும்: ஆய்வுகள் கூறுவது என்ன?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளின் காலி மனைகளிலும் ஏரிக்கரைகளிலும் மழைக்குப் பின் தானாக முளைக்கும் சிறு செடி கீழாநெல்லி. சித்த மருத்துவத்தில் காமாலைக்கு இது நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

ஆய்வகத்தில் கண்டது

இச்செடியின் சாறு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறன் உடையது என ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. எனினும், சோதனைக் குழாயில் காணும் திறன், செரிமானத்திற்குப் பின் உடலிலும் அவ்வாறே அமையும் எனக் கொள்ள இயலாது.

நோயாளிகளிடம் கண்டது

1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமப்போருக்கு 30 நாள்கள் கீழாநெல்லிப் பொடி அளித்து, முடிவை 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். பொடி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் மேற்புறப் புரதம் மறைந்திருந்தது. மருந்தற்ற பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. ஆனால், பின்னர் தாய்லாந்தில் நடந்த ஆய்வில் இப்பயன் காணப்படவில்லை. எனவே, இது உறுதிப்பட்ட சிகிச்சை அன்று.

சிலர் குணமடைவது ஏன்?

காமாலை ஒரு நோயன்று, அறிகுறி. ஹெபடைட்டிஸ் ஏ, ஈ வகைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே தணியும். அப்போது உண்ட மூலிகையே குணப்படுத்தியதாகத் தோன்றும். ஹெபடைட்டிஸ் பி, பித்தநாள அடைப்பு, எலிக்காய்ச்சல் ஆகியவற்றால் வரும் காமாலையில் காலம் தாழ்த்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

செய்ய வேண்டியவை

• கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்க.
• ஹெபடைட்டிஸ் பி மாத்திரைகளை மருத்துவர் கூறாமல் நிறுத்தற்க.
• சாக்கடை, தொழிற்சாலை ஓரச் செடிகளைப் பறிக்கற்க. அவற்றில் ஈயம் போன்ற உலோகங்கள் சேர்ந்திருக்கலாம்.
• மூலிகை உண்ண விரும்பினால், அரசு சித்த மருத்துவப் பிரிவை அணுகுக. உண்பதை உங்கள் மருத்துவரிடம் மறைக்கற்க.

உடனே மருத்துவமனை செல்க

மனக்குழப்பம், மிகு உறக்கம், ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு, கருநிற மலம், வயிற்று வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் தாமதியற்க. கர்ப்பிணிக்குக் காமாலை கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுக. அவசர ஊர்திக்கு 108-ஐயும் ஆலோசனைக்கு 104-ஐயும் அழைக்கலாம்.