கதிரைப் பிடித்திருக்கும் நெல்

நெல்மணி காம்போடு சேரும் இடத்தில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று உண்டு. மணி முற்றியதும் அந்தச் செல்கள் பிரிகின்றன, மணி விழுகிறது. குளத்தோரத்தில் தானாக முளைக்கும் காட்டு நெல்லுக்கு இதுதான் பிழைப்பு. முற்ற முற்றக் கொட்டிவிடும். அறுக்கப் போகிறவருக்கு வைக்கோல்தான் மிஞ்சும்.

உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டத்துக்குப் பட்டம் விளையும் நெல் அப்படிக் கொட்டுவதில்லை. ஆதியில் அறுத்தவர்களின் வீடு வந்து சேர்ந்தது கதிரிலேயே நின்ற மணி; மறுபடி விதைக்கப்பட்டதும் அதுதான். யாரும் திட்டமிடாமலே குணம் மாறியது. அதன் தடயம் 2006-இல் அகப்பட்டது: எஸ்.எச்.4 என்ற மரபணு உருவாக்கும் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. கோதுமையில் கதை வேறு. காட்டுக் கோதுமையில் கதிரின் நடுத்தண்டே துண்டு துண்டாக உடையும். அந்தத் தண்டு உடையாத செடிகளே பயிராயின.

பல நெல் ரகங்களில் அந்தச் செல் அடுக்கு அடியோடு மறைந்துவிடவில்லை, அரைகுறையாக இருக்கிறது. நல்லவேளை. பிடி ஒரேயடியாக இறுகியிருந்தால் களத்தில் கட்டைத் தூக்கி அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோகும்.

ஆகவே திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் புது ரகம் தேடுகிறவர்களுக்கு நடுவாந்தரப் பிடிதான் வேண்டும். அதை அளக்கும் சோதனையோ வெகு எளிது: முற்றிய கதிர்களைக் கையால் இறுகப் பற்றி உருவி, எத்தனை சதவீதம் உதிர்ந்தது என்று மதிப்பிடுவது. பன்னாட்டு அளவுகோலில் 1 சதவீதத்துக்குக் கீழ் என்றால் மிகக் குறைவு. 50-ஐத் தாண்டினால் ஆக மோசம். அறுவடை இயந்திரம் வந்தபின் இறுக்கமான பக்கம் சற்றுச் சாயலாம். இயந்திரத்தின் முன்னே சுழலும் சட்டம் கதிரைத் தட்டியே உள்ளே தள்ளுகிறது. தளர்ந்த மணி அங்கேயே சிந்திவிடும். இயந்திரத்துக்குக் காத்திருந்து, மணி காய்ந்துபோனால் நல்ல ரகமும் கொட்டும்.

புழுதி விதைப்பு வயல்களுக்குத் தனித் தொல்லை, களை நெல். பயிருக்கு முந்தி உதிர்ந்து மண்ணில் கிடந்து, அடுத்த விதைப்போடு முளைக்கும். அமெரிக்கக் களை நெல்லை ஆராய்ந்தபோது எஸ்.எச்.4 பயிர் நெல்லில் உள்ள வடிவிலேயே இருந்தது. வேறு மரபணுக்கள் வழியாகப் பழைய குணம் திரும்பியிருக்கிறது. இளம் பருவத்தில் பயிரோடு பயிராகத் தெரிவதால் கதிர் வரும்போதுதான் பலருக்கும் அடையாளம் பிடிபடும். மணி முற்றுமுன் பிடுங்கிவிட வேண்டும். நெருக்கடியான அந்தச் சில நாட்களில் ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.