நகலுக்குப் பூட்டு உண்டா?

பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறோம். உள்ளே இருக்கும் பத்திரங்களின் நகலைத் திண்ணையில் போட்டுவிட்டு உறங்கப் போவோமா? மாட்டோம். ஆனால் கணிப்பொறியில் பதிவேடு வைத்திருப்பவர்களில் பலர் தினந்தோறும் செய்வது ஏறத்தாழ இதுதான். மூலக் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறது. மாலையில் தானாக எடுக்கப்படும் நகலுக்கும் அது இருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை.

ஒரு கல்லூரித் துறையின் மதிப்பெண் பதிவேட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மாணவர்களின் பெயர், பதிவெண், தேர்வு வாரியாக மதிப்பெண், உதவித்தொகை வரவு வைக்க வேண்டிய வங்கிக் கணக்கு எண், பெற்றோரின் தொலைபேசி எண் எல்லாம் ஒரே எக்செல் கோப்பில் உள்ளன. மதிப்பெண்ணைத் திருத்த நினைப்பவனுக்கும், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஏமாற்ற நினைப்பவனுக்கும் இந்த ஒரு கோப்பு போதும்.

எண்களைக் கட்டங்களில் நிரப்பிக் கணக்கிடும் விரிதாள் முறை 1979-இல் விசிகால்க் என்னும் நிரலுடன் சிறு கணிப்பொறிகளுக்கு வந்தது. எக்செல் 1985-இல் வெளியாயிற்று. 1993-இல் அதனுடன் ஒரு நிரல்மொழியும் இணைக்கப்பட்டது. அம்மொழியில் நாம் எழுதிவைக்கும் கட்டளைத் தொகுப்பே இன்று மேக்ரோ எனப்படுகிறது. ‘மாலை ஐந்து மணிக்குத் தேதியிட்ட நகல் ஒன்றை இந்த இடத்தில் சேமி’ என்று ஒருமுறை எழுதிவைத்தால், மேக்ரோ அதை அலுப்பின்றிச் செய்துகொண்டிருக்கும். தவறாக எழுதிவைத்தால் அந்தத் தவற்றையும் அலுப்பின்றிச் செய்யும்.

பூட்டுகள் எல்லாம் ஒன்றல்ல

எக்செலில் கடவுச்சொல் கேட்கும் இடங்கள் பல. எல்லாம் ஒரே வகைப் பூட்டு என்று நினைப்பதுதான் குழப்பத்தின் தொடக்கம்.

கோப்பைத் திறப்பதற்கான கடவுச்சொல் ஒன்று உண்டு. இதை வைத்தால் கோப்பு முழுவதும் மறையாக்கம் செய்யப்படுகிறது. அதாவது, கடவுச்சொல்லிலிருந்து பெறப்படும் ஒரு திறவுகோலைக் கொண்டு உள்ளிருக்கும் ஒவ்வோர் எண்ணும் எழுத்தும் பொருளற்ற குவியலாக மாற்றப்படுகின்றன. கடவுச்சொல் தெரியாதவர் கையில் கோப்பு கிடைத்தாலும் அவருக்குக் கிடைப்பது அந்தக் குவியல்தான்.

மற்றவை அப்படியல்ல. தாளைத் திருத்தாமல் காக்கும் கடவுச்சொல், தாள்களின் வரிசையைக் காக்கும் கடவுச்சொல், மாற்றிச் சேமிக்க அனுமதி தரும் கடவுச்சொல், மேக்ரோவின் வரிகளைப் பிறர் பார்க்காமல் தடுக்கும் கடவுச்சொல் ஆகிய எவையும் உள்ளிருப்பதை மறையாக்கம் செய்வதில்லை. கதவில் ‘உள்ளே வராதீர்’ என்று எழுதி ஒட்டுவதற்கு இணையானவை அவை. கைதவறி ஒரு சூத்திரத்தை அழித்துவிடாமல் இருக்க அவை மிகவும் பயன்படும்; திருடனைத் தடுக்க உதவா.

2007 முதல் வழக்கில் உள்ள எக்செல் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. அதற்குள் ஒவ்வொரு தாளும் சாதாரண எழுத்துகளால் ஆன தனிக் கோப்பாக இருக்கிறது. ‘இத்தாள் காக்கப்பட்டது’ என்பதும் அதில் எழுதப்பட்ட ஒரு வரிதான். வரியை நீக்கினால் காவலும் நீங்கிவிடும். பழைய எக்செல்களில் தாளின் கடவுச்சொல்லை 16 இருமத் துணுக்குகள் கொண்ட ஓர் எண்ணாகச் சுருக்கிவைப்பார்கள். அத்தகைய எண்கள் 65,536-க்கு மேல் இருக்க முடியாது. ஆகவே நீங்கள் வைத்த சொல் தெரியாவிட்டாலும், அதே எண்ணைத் தரும் வேறொரு சொல்லைக் கணிப்பொறி விரைவிலேயே கண்டுபிடித்துவிடும். 2013-க்குப் பின் இந்தச் சுருக்கும் முறை வலுப்பெற்றது உண்மை. தாளில் உள்ள எண்கள் மட்டும் அன்றும் இன்றும் திறந்தே கிடக்கின்றன.

தாளை மறைத்துவைப்பது இன்னும் பலவீனமானது. 2023 ஆகஸ்ட் 8 அன்று வட அயர்லாந்துக் காவல்துறை, தகவல் கேட்டு வந்த ஒரு மனுவுக்கு எக்செல் கோப்பு ஒன்றைப் பதிலாக அனுப்பியது. கேட்கப்பட்டவை வெறும் எண்ணிக்கைகள். ஆனால் கோப்பில் மறைந்திருந்த இன்னொரு தாளில் 9,483 பணியாளர்களின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம் ஆகியவை இருந்தன. சில மணி நேரம் அது உலகமே பார்க்கும்படி இணையத்தில் கிடந்தது. ஆயுதக் குழுக்களின் மிரட்டலுக்கு அஞ்சித் தம் வேலையை அண்டை வீட்டாருக்குக்கூடச் சொல்லாமல் வாழும் காவலர்கள் உள்ள நாடு அது. 2024-இல் அத்துறைக்கு 7,50,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

சிலர் கோப்பு திறந்தவுடன் மேக்ரோவே ஒரு கட்டத்தைக் காட்டிக் கடவுச்சொல் கேட்கும்படி எழுதிவைக்கிறார்கள். பார்க்க அழகாயிருக்கும். மேக்ரோவை இயங்கவிடாமல் கோப்பைத் திறப்பவரிடம் அந்தக் கட்டம் எதையும் கேட்காது.

நகல் பிறக்கும் விதம்

இனி நம் மதிப்பெண் பதிவேட்டுக்கு வருவோம். அதற்குத் திறப்புக் கடவுச்சொல் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். மேக்ரோ அதை நகலெடுக்கப் பல வழிகள் உண்டு. வழிக்கேற்ப நகலின் கதி மாறுகிறது.

‘சேவ் காப்பி ஆஸ்’ என்னும் கட்டளை, திறந்திருக்கும் கோப்பை உள்ளது உள்ளபடி இன்னொரு பெயரில் எழுதிவைக்கிறது. மூலத்தின் திறப்புக் கடவுச்சொல் நகலுக்கும் வரும், மேக்ரோக்களும் வரும். நீங்கள் தொடர்ந்து வேலை செய்வது மூலத்தில்தான். தினசரிக் காப்பு நகலுக்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் இக்கட்டளையிடம் கோப்பின் பெயரை மட்டுமே சொல்ல முடியும். வேறு கடவுச்சொல்லையோ வேறு வடிவத்தையோ கேட்க வழியில்லை. மேக்ரோ உள்ள எக்ஸ்எல்எஸ்எம் கோப்புக்கு எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று முடியும் பெயரைக் கொடுத்தால், பெயர் மாறுமே ஒழிய உள்ளிருப்பது மாறாது. பின்னர் அந்த நகலை எக்செலே திறக்க மறுத்துவிடும்.

‘சேவ் ஆஸ்’ கட்டளை வேறு வகை. அதனிடம் பெயர், வடிவம், திறப்புக் கடவுச்சொல், திருத்தக் கடவுச்சொல் எல்லாவற்றையும் தனித்தனியே சொல்லலாம். வடிவ எண் 52 என்றால் மேக்ரோக்கள் நிலைக்கும்; 51 என்றால் உதிர்ந்துவிடும். கடவுச்சொல்லின் இடத்தில் வெற்று மேற்கோள் குறிகளை இட்டால் நகல் பூட்டின்றிப் பிறக்கும். வேறொருவர் எழுதிய மேக்ரோவை வாங்கிப் பயன்படுத்துவோர் முதலில் தேட வேண்டியது அந்த வெற்றுக் குறிகளைத்தான். இக்கட்டளையில் மற்றொரு சங்கடமும் உண்டு. சேமித்த மறுகணமே திரையில் இருப்பது மூலமல்ல, நகல். அதன்பின் நீங்கள் பதியும் மதிப்பெண்கள் எல்லாம் நகலில் போய்ச் சேரும். மூலம் நேற்றைய நிலையிலேயே நின்றுவிடும்.

ஒரு தாளை மட்டும் புதிய கோப்பாகப் பிரித்தெடுப்பவர்களும் உண்டு. முழுப் பதிவேட்டை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டாமே என்ற நல்ல எண்ணம்தான். தாளின் திருத்தக் காவல் அதனுடன் போகிறது. திறப்புக் கடவுச்சொல் போவதில்லை. கட்டத்தில் எழுத முயன்றால் எக்செல் மறுக்கும். அதைக் கண்டு கோப்பு பூட்டியிருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். கமா இட்டுப் பிரிக்கும் சிஎஸ்வி வடிவத்திலோ கடவுச்சொல்லுக்கு இடமே இல்லை.

மூலத்துக்கு ஒரு சொல், வெளியே போகும் நகலுக்கு வேறு சொல் வேண்டுமானால்? முதலில் ‘சேவ் காப்பி ஆஸ்’ கொண்டு நகலெடுங்கள். அந்த நகலை மேக்ரோவே பழைய சொல்லால் திறந்து, புதிய சொல்லை இட்டு, சேமித்து மூடட்டும். நகலைத் திறக்கும்போது அதனுள் இருக்கும் தொடக்க மேக்ரோவும் ஓடத் தொடங்கும். ஆகையால் நிகழ்வுகளை நிறுத்திவைக்கும் வரியை முன்னால் எழுதி, வேலை முடிந்தபின் மறுபடி இயக்குங்கள்.

எத்தனை எழுத்து?

இன்றைய எக்செல் கடவுச்சொல்லை நேரே திறவுகோலாகக் கொள்வதில்லை. 1,00,000 முறை அரைத்தெடுத்த பின்பே திறவுகோலாக்குகிறது. நமக்கு அது கண்ணிமைக்கும் நேரம். கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்ப்பவனுக்கு ஒவ்வோர் ஊகத்துக்கும் அந்தத் தாமதம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவனுடைய கருவி நொடிக்கு 10,000 சொற்களைச் சோதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலச் சிற்றெழுத்துகள் 26. தோராயமாகப் பொறுக்கிய ஆறெழுத்துச் சொல் என்றால் வாய்ப்புகள் சுமார் 30.9 கோடி, எல்லாவற்றையும் சோதிக்க எட்டரை மணி நேரம் ஆகும். பத்தெழுத்து என்றால் சுமார் 447 ஆண்டுகள்! நாலே எழுத்து கூடியதன் பலன் இது. ஆனால் துறையின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லாக்கினால் இந்தக் கணக்கு செல்லாது. எல்லா வாய்ப்புகளையும் சோதிக்க வேண்டிய தேவையே அவனுக்கு இராது.

சாவி எங்கே?

மேக்ரோ தானாகக் கடவுச்சொல் இட வேண்டுமானால் அச்சொல் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். எளிய வழி, நிரலின் வரியிலேயே எழுதிவிடுவது. பெரும்பாலோர் செய்வதும் இதுவே. மேக்ரோ வரிகளைக் காக்கும் கடவுச்சொல் வெறும் அறிவிப்புப் பலகை என்று மேலே கண்டோம். எனவே நகலைத் திறக்க அனுமதி பெற்ற ஒவ்வொருவருக்கும், அந்த வரிகளில் எழுதியிருக்கும் மற்றச் சொற்களும் எட்டும் தூரத்தில்தான் உள்ளன. எழுத்தரிடம் ஒரு நகலைக் கொடுத்தால், மூலப் பதிவேட்டின் சாவியையும் அதற்குள் மடித்து வைத்துக் கொடுத்தது போலாகும். சேமிக்கும் வேளையில் பயனரிடமே சொல்லைக் கேட்டு வாங்குவது நல்லது. அதற்குச் சாதாரண உள்ளீட்டுப் பெட்டி ஆகாது. தட்டும் எழுத்துகள் திரையில் அப்படியே தெரியும். தனிப் படிவம் அமைத்து, எழுத்துக்குப் பதில் நட்சத்திரம் காட்டும் பண்பைக் கொடுக்க வேண்டும். வெளியே அனுப்பும் நகலுக்கு மேக்ரோ எதற்கு? 51-ஆம் வடிவத்தில் கடவுச்சொல்லுடன் சேமித்தால் அந்த வரிகளே போகமாட்டா.

பலர் கவனிக்காத ஒன்று இன்னும் இருக்கிறது. நகல் என்பது நிழற்படம் போன்றது. எடுத்த நாளில் இருந்த கடவுச்சொல்லே அதற்கு என்றும் கடவுச்சொல். ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிப் போனதும் மூலத்தின் சொல்லை மாற்றுகிறோம். சென்ற ஆண்டின் இருநூறு நகல்களும் அவருக்குத் தெரிந்த பழைய சொல்லுக்கே திறக்கும். எதிர்ப்புறமும் உண்டு. மறுமதிப்பீடு கேட்டு ஒரு மாணவி வருகிறாள். மூன்றாண்டுக்கு முந்தைய நகல் வேண்டும். அன்று வைத்த சொல் யாருக்கும் நினைவில்லை. மறந்த திறப்புக் கடவுச்சொல்லை மைக்ரோசாப்ட் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. ஆகவே சொல்லை மாற்றும் ஒவ்வொரு முறையும் தேதியுடன் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, துறைத் தலைவரின் இரும்புப் பெட்டியில் வையுங்கள். தேவையற்ற பழைய நகல்களை அழித்துவிடுங்கள்.

உங்கள் நகல் உண்மையிலேயே பூட்டப்பட்டதா என்றறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நகலின் நகல் ஒன்றை எடுத்து, பெயரின் முடிவை ஜிப் என்று மாற்றி, விண்டோஸிலேயே உள்ள ஜிப் வசதியால் திறந்து பாருங்கள். மறையாக்கம் செய்த கோப்பு ஜிப் பொதியாக இராது. திறக்க முடியவில்லை என்ற செய்தி வரும். மாறாக, உள்ளே ‘எக்ஸ்எல்’ என்றொரு உறையும், அதனுள் தாள்களும் வரிசையாகத் தெரிந்தால், மாணவர்களின் வங்கி எண்கள் அங்கேதான் இருக்கின்றன. எந்தக் கட்டளை அந்த நகலை எடுத்தது என்று மேக்ரோவில் தேடுங்கள்.