சேற்றில் பூட்டிய அமிலம்

இரத்மலானை விமான ஓடுபாதைக்குக் கிழக்கே வெரஸ் கங்கைப் பக்கம் போனால், வீடுகள் திடீரென விலகிப் புல்லும் நீரும் விரியும். 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலம் அது. பரப்பு 372 ஹெக்டயர். கொக்கு பார்க்கப் போகிறவர்கள் மேலே பார்ப்பார்கள். இந்தக் கட்டுரை கீழே, சேற்றைப் பார்க்கிறது.

இப்படிப்பட்ட நிலத்தில் கால் புதைந்தால் சில இடங்களில் அழுகிய முட்டை நாற்றம் எழும். அது ஐதரசன் சல்பைட்டு வாயு. நமக்கு நாற்றமாகப்படுவது, சேற்றுக்குள் இருக்கும் பற்றீரியாக்களின் வெளிமூச்சு. சேற்றில் சில மில்லிமீற்றர் இறங்கினாலே ஒட்சிசன் தீர்ந்துவிடும். அங்கே வாழும் பற்றீரியாக்கள் அதற்காக மாண்டுபோவதில்லை. நாம் ஒட்சிசனைக் கொண்டு செய்யும் வேலையை அவை சல்பேற்றைக் கொண்டு செய்துகொள்கின்றன. சல்பேற்று என்பது கந்தகமும் ஒட்சிசனும் சேர்ந்த ஓர் உப்புக்கூறு.

அந்தச் சல்பேற்று கடலிலிருந்து வந்தது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று கரைந்திருக்கிறது. வெரஸ் கங்கை பொல்கொடை வாவியில் சேர்ந்து, பாணந்துறையில் கடலைத் தொடுகிறது. சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிடச் சற்று உயர்ந்திருந்தபோது, இந்தத் தென்மேற்குக் கரையின் தாழ்நிலங்கள் பலவற்றில் உப்புநீர் தங்கி, கண்டல் மரங்கள் வளர்ந்தன. கடல் பின்வாங்கிவிட்டது. அது விட்டுப்போன கந்தகம் போகவில்லை.

போகாததற்குக் காரணம் இரும்பு. கொழும்புப் பக்கம் கிணறு வெட்டினால் வருகிற சிவந்த ‘கபுக்’ கல்லைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிவப்பு இரும்பின் நிறம். மழை அதைச் சிறிது சிறிதாகத் தாழ்நிலத்துக்குக் கொண்டுவருகிறது. சேற்றில் இரும்பும் சல்பைட்டும் சந்தித்தால் பைரைற்று என்ற கனிமம் உருவாகும். மலைப்பாறைகளில் பொன்போல மின்னி ஏமாற்றுகிற அதே கனிமம்தான். சேற்றில் மட்டும் அது கண்ணுக்குத் தெரியாது: நுண்ணிய பளிங்குகள் நூற்றுக்கணக்கில் திரண்டு, ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவான உருண்டைகளாகக் கிடக்கும்.

நீர் மேலே நிற்கும் வரை அந்த உருண்டைகளால் ஒரு தொல்லையும் இல்லை. ஊறுகாய்ச் சாடியில் மேலே நிற்கும் நல்லெண்ணெய் செய்யும் வேலையை இங்கே தண்ணீர் செய்கிறது, காற்றை அண்டவிடாது. காற்றினூடே பரவுவதைவிட நீரினூடே ஒட்சிசன் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஒரு முழத் தண்ணீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒரு பண்டகசாலையைப் பூட்டி வைத்திருப்பது இப்படித்தான்.

வாய்க்கால் வெட்டி அந்த நீரை வடித்தால் பூட்டு திறக்கும். சேறு காய்ந்து வெடிக்க, வெடிப்பு வழியே காற்று இறங்கும். பைரைற்று ஒட்சிசனோடும் நீரோடும் சேர்ந்து சல்பூரிக்கமிலமாகும். காரின் பற்றரிக்குள் இருப்பதும் இந்த அமிலமே. ஒரு கிலோ பைரைற்று முழுதாக மாறினால் 1.6 கிலோவுக்கும் மேல் அமிலம் வரும். கூடுதல் எடை காற்றும் நீரும் கொடுத்தது.

இங்கே இரண்டாவது பற்றீரியாக் கூட்டம் மேடையேறுகிறது. அமிலம் கூடக் கூட இரும்பு ஒட்சியேறும் வேகம் குறைந்து, எல்லாம் தானாக ஓய்ந்திருக்க வேண்டும். ஆனால் அமிலத்திலேயே செழிக்கும் சில பற்றீரியாக்கள் அந்தப் படியைப் பத்து இலட்சம் மடங்கு வரை விரைவாக்குகின்றன. அப்படி மாறிய இரும்பு, ஒட்சிசன் இல்லாமலேயே அடுத்த பைரைற்றைத் தாக்கும். நெருப்பு தன் விறகைத் தானே தேடிக்கொள்கிறது.

மாத்தறையில் இது கண்ணெதிரே நடந்தது. 1980களில் நில்வளா கங்கையின் வெள்ளத்தைத் தடுக்க அணைக்கட்டுகளும் நீரிறைக்கும் நிலையங்களும் அமைத்தார்கள். வெள்ளம் குறைந்தது; கூடவே நிலத்தடி நீர்மட்டமும் இறங்கியது. கீழ்நில வயல்கள் புளித்துப்போயின. பல வயல்கள் கைவிடப்பட்டன. எந்த ஆலையும் எதையும் ஊற்றவில்லை. நீர் கெட்டால் ஆலையைச் சந்தேகிப்பது இரத்மலானைவாசிகளுக்கு இயல்பு. பக்கத்து லுணாவைக் களப்பில் அந்தச் சந்தேகம் சரியாகவும் இருந்தது. நில்வளாவில் குற்றவாளி ஒரு நல்லெண்ணத் திட்டம். கேரளத்துக் குட்டநாட்டின் ‘கரி’ நிலங்களுக்கும் இதே நோய் உண்டு. அங்கே உழவர்கள் வயலை நீரால் கழுவி, சுண்ணாம்பு இட்டுத்தான் விதைக்கிறார்கள்.

புளிப்பை அளக்கும் கோல் பீஎச் பெறுமானம். ஏழு நடுநிலை. ஒவ்வொரு படி இறங்கும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்காகும். ஏழிலிருந்து நாலுக்கு வந்தால் ஆயிரம் மடங்கு. தூய மழைகூட நடுநிலை அல்ல. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு 5.6 அளவில்தான் விழுகிறது. அந்த மழை யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கல்லில் இறங்கிப் புளிப்பை இழந்து, கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவாகிறது. கபுக் மண்ணில் அப்படி ஈடுகட்டச் சுண்ணாம்பு இல்லை. பீஎச் நாலுக்குக் கீழே போனால் களிமண்ணிலிருந்து அலுமினியம் கரைந்து வெளிவரும். நெல்லின் வேரை அது கருக்கும். முதல் மழையோடு வாய்க்காலில் இறங்கினால் மீனின் செவுளை அடைக்கும்.

வழிந்தோடும் சல்பேற்று கடைசியில் கடலுக்கே திரும்புகிறது. அங்கே மிதக்கும் நுண்பாசிகளின் செயலால் அதில் கொஞ்சம் டைமெதைல் சல்பைட்டு வாயுவாக மேலெழும். வெள்ளவத்தைக் கரையில் மூக்கில் ஏறும் கடல்மணத்தில் அதற்கும் பங்குண்டு. காற்றில் அது மீண்டும் சல்பேற்றுத் துகளாகி, முகிலின் நீர்த்துளிகள் திரள்வதற்குக் கருவாகும்.

சேற்றில் நடந்ததைத் திருப்பவும் முடியும். நிலத்தை மறுபடி நீரில் மூழ்கவைத்தால் முதல் கூட்டத்துப் பற்றீரியாக்கள் வேலையைத் தொடங்கி, சல்பேற்றை உண்டு, புளிப்பையும் குறைக்கும். ஆனால் அது மெதுவான வேலை. கட்டடமோ வாய்க்காலோ வருமுன் சோதிப்பது மலிவு. மண்ணியலாளர்கள் ஒரு பிடி ஈரச்சேற்றில் செறிந்த ஐதரசன் பேரொட்சைட்டை விடுவார்கள். பைரைற்று நிறைய இருந்தால் சேறு நுரைத்துச் சூடாகும். பீஎச் மூன்றுக்கும் கீழே விழும். காற்று மாதக்கணக்கில் செய்யப்போவது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.