குளிரில் மின்கார் ஏன் தளர்கிறது?

2024 ஜனவரியில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியசுக்கும் கீழே போனது. சார்ஜிங் நிலையங்களில் மின்கார்கள் மணிக்கணக்கில் வரிசைகட்டி நின்றன. சில கார்கள் காத்திருந்த இடத்திலேயே சார்ஜ் தீர்ந்து நின்றுபோயின. ஏன் இப்படி?

லித்தியம் அயனி பேட்டரிக்குள் இருக்கும் திரவம், மார்கழித் தேங்காய் எண்ணெய்போலக் குளிரில் தடிக்கிறது. அயனிகள் மெதுவாக நகர்கின்றன, உள்மின்தடை கூடுகிறது. ஓட்டுவதற்கே இது இடைஞ்சல்தான். ஆனால், பெரிய சிக்கல் சார்ஜ் ஏற்றும்போதுதான் வருகிறது. உறைகுளிரில் வேகமாக மின்சாரம் செலுத்தினால், லித்தியம் அயனிகள் கிராஃபைட் மின்முனைக்குள் புக முடியாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். பேட்டரியின் ஆயுள் நிரந்தரமாகக் குறையும். இதைத் தவிர்க்கவே காரின் கணினி சார்ஜ் வேகத்தைத் தானாகக் குறைக்கிறது. ஒரு கார் தாமதித்தால் பின்னால் நிற்பவர் அனைவரும் தாமதிக்க வேண்டியதுதான்.

அடுத்தது ஹீட்டர். பெட்ரோல் இஞ்சின் எரிபொருள் ஆற்றலில் பெரும்பங்கை வெப்பமாக இழக்கிறது. அந்த வீண் வெப்பமே பயணிகளுக்குக் கதகதப்பு. மின்மோட்டாரில் அவ்வளவு இழப்பு இல்லை என்பதால், ஹீட்டரும் பேட்டரியைத்தான் உறிஞ்சுகிறது. அடிக்கடி சிறு தூரம் போய்வருபவர்களுக்கு இழப்பு இன்னும் அதிகம். ஒவ்வொரு முறையும் குளிர்ந்த காரை முதலிலிருந்து சூடாக்க வேண்டும்.

இருந்தும், நார்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது மின்கார்களே. அங்கே பலர் வீட்டிலேயே சார்ஜ் ஏற்றுகிறார்கள். கிளம்பும் முன், இணைப்பில் இருக்கும்போதே காரைச் சூடாக்கிக்கொள்ளலாம். குளிர்நாட்டில் வசிப்பவரா நீங்கள்? வீட்டில் சார்ஜர் வைக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காரை அதன்பிறகு தேர்ந்தெடுங்கள்.